பன்னிரண்டு அடைத்த துளைகள்

ஜூன் 3, செவ்வாய்

இல்லை, வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு வரி விட்டுப்போயிற்று. அவ்வளவுதான்.

ஓர் ஓவனுக்கு எத்தனை ஹீட்டர் வேண்டும் என்பது கடினமான கணக்கில்லை. உள்ளே போகும் இரும்பு எத்தனை கிலோ. அதைச் சுமந்து போகும் டிராலி எத்தனை கிலோ. ஓவனின் உட்தகடு. சுவர் வழியாக வீணாகும் சூடு. கடைசியாக, புகைபோக்கி வழியே வெளியேறும் காற்று. அது போகப் போக வெளியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும், அதையும் சூடாக்க வேண்டும். ஐந்து வரிகள். கூட்டி, மேலே இருபது சதவீதம் சேர்த்து, ஒரு ஹீட்டருக்கு இரண்டு கிலோவாட் என்று வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும்.

ஐந்தாவது வரியை மறந்துவிட்டேன்.

நேற்று காலை பதினொன்று நாற்பதுக்கு, நாங்கள் செய்துகொடுத்த ஓவன் வெடித்தது. வெடித்தது என்று சொல்லக் கூடாதாம். “கதவு தொறந்துக்கிச்சு” என்கிறார் எங்கள் முதலாளி ஜெகநாதன் சார். வாங்கியது ஒரு பம்பு மோட்டார் கம்பெனி, கோயம்புத்தூரிலேயே. மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்றுகளை வார்னிஷில் முக்கி, நூற்று நாற்பது டிகிரியில் மூன்று மணி நேரம் சுட்டு எடுப்பார்கள். வார்னிஷில் தின்னர் உண்டு. சூட்டில் அது ஆவியாகும். புகைபோக்கியில் இருக்கும் டேம்பர் என்ற தகடு திறந்திருந்தால் ஆவி வெளியே போய்விடும். நேற்று அது மூடியிருந்தது.

ஓவனை ஓட்டும் துளசிமணி அக்கா கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். இரண்டு கைகள். கழுத்தின் இடப்பக்கம். முகத்தில் கொஞ்சம்.

அம்மா திண்டுக்கல்லிலிருந்து போன் செய்தார். நான் செய்யும் ஓவன்களில் கேக் சுடுகிறார்கள் என்று இன்னும் நம்புகிறார். “நம்ம வீட்டுக்கு ஒண்ணு சலுகையில தருவாங்களாடி?” என்றார். லாரி அளவு இருக்கும் என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 4, புதன்

இரண்டு சுடிதார் துவைத்தேன். ஆபீஸ் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஜெகநாதன் சார் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் சமோசா.

“உக்காருங்க சிந்துஜா. சாப்பிடுங்க. டேம்பர மூடச் சொல்லி நாம எங்காச்சும் எழுதிக் குடுத்திருக்கோமா?”

“இல்ல சார்.”

“மேனுவல்ல என்ன இருக்கு?”

“எப்பவும் திறந்திருக்கணும்னு இருக்கு சார். நான்தான் எழுதினேன்.”

“அப்புறம் என்ன? மூடுனது அந்தம்மா.” ஒரு சமோசாவை இரண்டாகப் பிட்டார். “பாவந்தான். ஆனா பாவத்துக்கெல்லாம் ரிப்போர்ட்ல எடம் கெடையாது. ரெண்டு பாரா எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே.”

எழுதிக் கொடுத்தோமா என்று கேட்டார். சொன்னோமா என்று கேட்கவில்லை.

இரண்டு பாரா எழுதினேன். ‘ஆபரேட்டர்’ என்ற சொல் நான்கு முறை வந்தது. துளசிமணி என்ற பெயர் ஒரு முறையும் வரவில்லை. படித்துவிட்டு, “காலேஜ் படிப்புன்னா சும்மாவா” என்றார். பாராட்டு. என் பங்குச் சமோசாவைச் சாப்பிட்டேன். சூடாக இருந்தது. அதைச் சாப்பிடாமல் இருந்திருக்கலாம் என்று இரவு வரை தோன்றிக்கொண்டிருந்தது. பாராவை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று அத்தனை முறை தோன்றவில்லை.

ஜூன் 7, சனி

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. இரண்டு குடம் கீழேயிருந்து தூக்கினேன். யாரும் கேட்காமலேயே பக்கத்து அறைக்கும் இரண்டு குடம். நல்லவள் என்றாள் அந்த அறைப் பெண்.

ஜூன் 8, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘மறந்துவிட்டேன்.’ இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. யாரிடம் பொய் சொன்னேன்?

மறக்கவில்லை.

பிப்ரவரியில் முதலில் போட்ட கணக்கு சரியான கணக்கு. நாற்பத்தெட்டு கிலோவாட். இருபத்து நான்கு ஹீட்டர்கள். ஜெகநாதன் சார் தாளைப் பார்த்தார். அந்தக் கம்பெனியின் மின் இணைப்பில் முப்பது கிலோவாட்டுக்கு மேல் இடமில்லை. கூடுதல் இணைப்புக்கு மனுப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் வேறு யாரிடமாவது ஓவன் வாங்கிக்கொள்வார்கள்.

“கணக்கக் கொஞ்சம் பொருத்துங்க” என்றார்.

பொருத்துவது என்று எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. விடையை முதலில் எழுதிக்கொள்வது. அது வருகிற மாதிரி மேலே உள்ள வரிகளைப் பிறகு எழுதுவது. யாரும் இதைத் தவறு என்று நினைப்பதில்லை. கணக்கைக் கோப்பில் வைக்க வேண்டும், ஓவன் தன் பாட்டுக்கு ஓடும், அப்படி ஒரு நம்பிக்கை.

ஐந்தாவது வரியை நான் அழிக்கவில்லை. அழித்திருந்தால் பார்த்ததும் தெரிந்திருக்கும். மணிக்கு அறுநூறு கன மீட்டர் காற்று என்று இருந்த இடத்தில் அறுபது என்று வைத்தேன். ஒரு பூஜ்யம். நாற்பத்தெட்டு, இருபத்து நான்கரை ஆயிற்று. அரையை விட்டேன். பன்னிரண்டு ஹீட்டர்கள். சரியாகப் பாதி.

பூஜ்யத்தை எடுத்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது என்று எழுத விரும்புகிறேன். இருக்கவில்லை. எண் அழகாக வந்து உட்கார்ந்தது. கணக்கு சரியாக வரும்போது பள்ளிக்கூடத்தில் வருமே, அதே சந்தோஷம்.

ஜூன் 10, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு சாத்துக்குடி வாங்கிப் போனேன். இரண்டு கைகளும் விரல் நுனிவரை கட்டுப்போட்டவருக்குச் சாத்துக்குடி.

“வாங்க அம்மணி. பஸ்ஸுலயா வந்தீங்க? வெயிலு இந்தப் போடு போடுதே.”

வலிக்கிறதா என்று கேட்டேன்.

“கை பரவால்லீங்க. கழுத்துதான், தலகாணியில படறப்ப. புருவம் ரெண்டும் போயிருச்சு பாத்தீங்களா? என்ர மக வரஞ்சு உடறேங்கறா. இந்த வயசுல சினிமாக்காரியாட்ட.” சிரித்தார். தோல் இழுத்தது. நிறுத்திக்கொண்டார்.

சாத்துக்குடியை நான் உரித்தேன். சுளை சுளையாக வாயில் கொடுத்தேன். மூன்றாவது சுளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மணி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க அக்கா.”

“நீங்க போன்ல டேம்பரக் கொஞ்சமா மூடச் சொன்னீங்க. நாந்தான் அவசரத்துல பூராவும் மூடிப்போட்டேன். எங்க மேனேஜரு வந்து கேக்கக் கேக்கத்தான் எனக்கே வெளங்குச்சு. அந்தம்மா படிச்சவங்க, முழுசா மூடுன்னு சொல்லுவாங்களா, நல்லா யோசிச்சுப் பாருன்னாரு. யோசிச்சா, ஆமா, அப்படித்தான் இருக்கோணும். என்னால உங்க கம்பெனிக்குக் கெட்ட பேருங்க. பதினோரு வருசத்துல ஒத்த மோட்டாரக் கருக்கிருப்பனா நான்? அன்னிக்குப் பாத்துப் புத்தி இப்படிப் போயிருச்சு. மன்னிச்சுக்கோங்க அம்மணி.”

என் கையில் சாத்துக்குடித் தோல் இருந்தது.

“பரவால்ல அக்கா” என்றேன்.

மன்னித்தேன். நான். அவரை.

ஜூன் 11, புதன்

கொஞ்சம் என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

புது ஆர்டர். பெயின்ட் உலர்த்தும் ஓவன். தகடு வெட்டி வைத்தாயிற்று, ஹீட்டர் எண்ணிக்கை சொல்ல வேண்டும். பட்டறைக்கு இறங்கினேன். ஃபிட்டர் ஆரோக்கியதாஸ் அண்ணன் துளை போடும் மெஷினில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

“என்ன மேடம், இந்தத் தடவ எத்தன ஓட்ட? மொத்தமா முடிவு பண்ணிச் சொல்லிருங்க. போட்டுட்டு அடைக்கற வேல நம்மளால ஆவாது.”

வெல்டிங்கில் இருந்த இருவர் சிரித்தார்கள்.

பிப்ரவரியில் என் முதல் வரைபடத்தைப் பார்த்து அவர் இருபத்து நான்கு துளைகள் போட்டுவிட்டிருந்தார். மறுநாள் நான் வந்து பன்னிரண்டை அடைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். டிசைன் மாறிவிட்டது என்றேன்.

“அந்தப் பன்னெண்டு மூடியும் இன்னும் அங்கதான் இருக்கும் மேடம். கதவு பிச்சுக்கிட்டுப் போச்சுன்னாங்க. ஆனா மூடி போயிருக்காது. ஒவ்வொண்ணுக்கும் நாலு போல்ட் போட்டு முறுக்கிருக்கேன்ல.”

மிரட்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. போல்ட் வேலையைப் பற்றிய பெருமை, அவ்வளவுதான்.

மாடிப்படி ஏறும்போது என் மனதில் வந்தது துளசிமணி அக்காவின் கழுத்து அல்ல. விசாரணைக்கு வருகிறவர் அந்த மூடிகளை எண்ணுவாரா என்பது. அதை இங்கே எழுதிவைக்கிறேன். எழுதிவைத்தால் பிறகு இல்லையென்று சொல்ல முடியாது.

பெயின்ட் ஓவனுக்கு ஐந்து வரிகளையும் முழுசாகப் போட்டேன். முப்பத்தெட்டு கிலோவாட். ஜெகநாதன் சார் பார்த்துவிட்டுத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

ஜூன் 13, வெள்ளி

தலைவலி. ஒன்றுமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

போன் பேச்சு. இதை முழுதாக எழுத வேண்டும்.

ஏப்ரலில் ஓவனை ஓடவிட்ட நாளிலிருந்தே அக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நூற்றுப் பதினெட்டுக்கு மேல் ஏறவில்லை என்று. ஏறாது. பாதி ஹீட்டர்களில் எப்படி ஏறும். ஒவ்வொரு முறையும், கரண்டு குறைவாக வருகிறது அக்கா, சாயங்காலம் பாருங்கள் என்றேன். அவரும் சாயங்காலம் பார்த்துவிட்டு, “ரெண்டு டிகிரி ஏறியிருக்குதுங்க” என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொல்வார்.

ஜூன் 2, திங்கள், காலை ஒன்பது ஐம்பது.

“அம்மணி, நூத்திப் பதினெட்டுலயே நிக்குதுங்க. சனிக்கெழம சுட்டதெல்லாம் பிசுபிசுங்குது. மேனேஜரு என்னையப் புடிச்சு வையறாரு, உனக்கு ஓட்டத் தெரியலைன்னு.”

“டேம்பர் திறந்திருக்கா?”

“ஆமாங்க. தொறந்தே இருக்கோணும்னு எழுதியிருக்கறீங்களே.”

“மூடிருங்க அக்கா.”

“எவ்வளவுங்க?”

“முழுசா. பன்னெண்டு மணிக்குள்ள நூத்தி நாப்பது வந்துரும்.”

“ஒண்ணும் ஆவாதுங்களே?”

“ஆகாது.”

பேசும்போது பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். கூர் உடையாமல் நன்றாக வந்தது. நினைவிருக்கிறது.

ஆகும் என்று தெரியுமா? தெரியும். தின்னர் ஆவி எவ்வளவு சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்று ஒரு பாடமே இருந்தது. அதில் எனக்கு நல்ல மதிப்பெண். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது நூற்று நாற்பது என்ற எண். அது வந்துவிட்டால் அவர் கூப்பிட மாட்டார். பூஜ்யத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். வெளியேறும் காற்றைத் தாளில் நிறுத்தினேன். பிறகு ஓவனிலும் நிறுத்தினேன். தாளில் நான் நிறுத்தினேன். ஓவனில் அவர் கையால்.

ஜூன் 16, திங்கள்

ஜெகநாதன் சார் உற்சாகமாக இருந்தார். புதன்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் வாக்குமூலம். அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ‘என் கவனக்குறைவால் நடந்தது’ என்று கையெழுத்துப் போடுகிறாராம். போட்டால் வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள். பேக்கிங்கில் போடுவார்கள்.

“அந்தம்மாவே ஒத்துக்கறாங்க. நாம போகக்கூட வேண்டியதில்ல.”

“மறுபடி ஓவன் பக்கம் விடுவாங்களா சார்?”

“நீங்க விடுவீங்களா?” என்றார்.

பதினோரு வருடம். வார்னிஷ் வெந்துவிட்டதா என்று அவர் மீட்டரைப் பார்க்க மாட்டார். வாசனை மாறுவதை வைத்தே சொல்வார். பிப்ரவரியில் அவர்களுடைய பழைய ஓவனை அளக்கப் போய், நான் ஸ்டாப் வாட்ச்சும் தாளுமாக நின்றபோது, “இன்னும் பத்து நிமிசம் அம்மணி” என்றார். பத்து நிமிடம்தான் ஆயிற்று.

அட்டைப்பெட்டியில் வாசனை ஏது.

ஜூன் 17, செவ்வாய்

ஆபீசுக்குப் போகவில்லை. காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். லைன் வீடுகள், கடைசி வீடு. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். அக்கா கட்டிலில் கைகளை மடியில் மல்லாத்தி வைத்து உட்கார்ந்திருந்தார்.

“அட, அம்மணி. காப்பி வெச்சுக் குடுக்கலாம்னா கை ஆவாதே.”

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“அக்கா, கொஞ்சம்னு நான் சொல்லல. முழுசா மூடச் சொன்னேன். எவ்வளவுன்னு கேட்டீங்க, முழுசான்னேன். ஒண்ணும் ஆகாதான்னு கேட்டீங்க, ஆகாதுன்னேன். உங்களுக்குச் சரியாத்தான் கேட்டுச்சு.”

“என்ன சொல்றீங்க?”

“இருபத்து நாலு ஹீட்டர் போட வேண்டிய ஓவன் அது. பன்னெண்டுதான் போட்டேன். பத்தாதுன்னு தெரிஞ்சே போட்டேன். அதனாலதான் சூடு ஏறல. கரண்டு குறைச்சல்னு சொன்னதெல்லாம் பொய்.”

வெளியே யாரோ குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். குடம் நிரம்பி, அடுத்த குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

“ஆஸ்பத்திரில நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்.”

“ஆமா அக்கா.”

“பரவால்லன்னீங்க.”

“ஆமா அக்கா.”

“அக்காங்காதீங்க.”

அவர் மடியில் இருந்த கைகளைக் குனிந்து பார்த்தார்.

“பதினஞ்சு நாளா கண்ண மூடுனா என்ர கைதான் அந்தத் தகட்டத் திருப்புது. கொஞ்சம்னாங்களா, பூராவும்னாங்களா, கொஞ்சம்னாங்களா, பூராவும்னாங்களா. என்ர காதையே நான் நம்பாமப் போயிட்டனே! அம்மாவுக்குப் புத்தி மங்கிருச்சு கண்ணுன்னு மக மடியில படுத்து அழுதனே! எரிஞ்சதெல்லாம் ஆறிப்போவும். இத என்ன பண்றதுங்க?”

குரல் உயரவில்லை. உயர்ந்திருக்கலாம்.

“நான் தப்புப் பண்ணிட்டேன்.”

“அத எங்கிட்டச் சொல்லி? இந்த நாலு செவுத்துக்குள்ள சொன்னா யாருக்குக் கேக்கும்? நாளைக்கு அந்த மேனேஜரு முன்னால சொல்லுவீங்களா?”

“சொல்றேன்.”

“பாக்கலாம். போங்க.”

வாசலில் செருப்பு மாட்டும்போது புரிந்தது. நான் உண்மையைச் சொல்லப் போகவில்லை. பரவால்ல அம்மணி என்று அவர் சொல்வதைக் கேட்கப் போனேன்.

ஜூன் 18, புதன்

ஆய்வாளர் அலுவலகம் இரண்டாவது மாடி. பதினொன்றே காலுக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்காவும் அவர்கள் மேனேஜரும் உள்ளே இருந்தார்கள். டைப் செய்த தாள் மேசைமேல் இருந்தது. பேனா பிடிக்க முடியாது என்பதால், கட்டுப் பிரித்திருந்த கட்டைவிரலுக்காகப் பக்கத்தில் மைப்பெட்டி.

திறந்திருந்த கதவைத் தட்டி உள்ளே போனேன்.

“நீங்க யாரு?” என்றார் ஆய்வாளர்.

“அந்த ஓவனுக்கு ஹீட்டர் கணக்குப் போட்டது நான் சார். டேம்பர மூடச் சொன்னதும் நான்.”

“மேடம், உங்கள யாரு வரச் சொன்னா?” என்று மேனேஜர் எழுந்தார். ஆய்வாளர் அவரை உட்காரச் சொன்னார்.

சொன்னேன். வரிசையாகச் சொல்ல நினைத்திருந்தேன், வரவில்லை. பென்சில் சீவியதைக்கூடச் சொன்னேன். கணக்கைப் பொருத்தச் சொன்னது முதலாளி என்பதையும் சொன்னேன். அதைக் கடைசியில் சொன்னேன். பூஜ்யத்தை எடுத்தது அவர் கையல்ல.

“யாராச்சும் உங்கள இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்புனாங்களா?”

“இல்ல சார்.”

“வேல போயிரும், தெரியும்ல? கேஸும் வரலாம்.”

“தெரியும்.”

ஆய்வாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். “நீங்க என்னம்மா சொல்றீங்க?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆய்வாளரையும் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்.

“எவ்வளவுன்னு கேட்டனுங்க. முழுசான்னாங்க. ஒண்ணும் ஆவாதான்னு கேட்டனுங்க. ஆவாதுன்னாங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க.”

டைப் செய்த தாளை ஆய்வாளர் ஓரமாக நகர்த்தினார். எனக்கு வெள்ளைத் தாள் கொடுத்து எழுதச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் வந்தது. அறுநூறு, அறுபது என்று இரண்டையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். துளசிமணி என்று பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

நான் எழுந்தபோது அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறேன் என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கீழே இறங்கி வந்து, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று, ஜெகநாதன் சாருக்குப் போன் செய்தேன். எடுத்தார். எங்கே இருக்கிறேன், என்ன எழுதிக்கொடுத்தேன் என்று சொன்னேன்.